குதிரை போனது, உவர் போகவில்லை: பழைய லாயம் ஒன்றை வீடாக்கும்போது

ஓகஸ்ட் மாதம். மாதக்கணக்காக மழை இல்லை, கச்சான் காற்று ஊரை வறுத்தெடுக்கிறது, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. அப்படியிருந்தும் பழைய குதிரை லாயத்தின் சுவரில், நிலத்திலிருந்து மூன்று நாலடி உயரம்வரை ஈரம் படம் வரைந்திருக்கும். விடிகாலையில் கை வைத்தால் பிசுபிசுக்கும். பின்நேரம் கொஞ்சம் வெளிறும். இரவானதும் மறுபடி கறுக்கும். மேசனைக் கூப்பிட்டுக் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கீழயிருந்து தண்ணி ஏறுது அண்ணை. உரிச்சுப்போட்டுச் சீமெந்தில வோட்டர் புரூஃப் கலந்து பூசிவிட்டாச் சரி.” லாயத்தை வீடாக்கும் வேலையில் காசு கரையத் தொடங்குவது இந்தப் பதிலை நம்பும் இடத்தில்தான்.

கோடையிலும் காயாத அந்த ஈரத்தில் பெரும்பங்கு நிலத்திலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்து வருகிறது. இழுத்துக் கொடுப்பது சுவருக்குள் இருக்கும் உப்பு. பல்லாண்டு காலம் குதிரைகள் மூத்திரம் பெய்த தரை அது. மூத்திரத்திலுள்ள யூரியா அமோனியாவாகிறது. அதை மண்ணிலுள்ள பக்டீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று சுவரின் சுண்ணாம்போடு சேர்ந்து கல்சியம் நைத்திரேற்று ஆகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதத்தைத் தாண்டினாலே இந்த உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானாகக் கரையும். கடற்காற்று கொண்டுவரும் கறியுப்புக்குக்கூட 75 சதவீதம் வேண்டும். திருகோணமலையில் ஈரப்பதம் 50க்குக் கீழே நிற்கும் நேரம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். கச்சான் அடிக்கும் சில பின்நேரங்கள், அவ்வளவுதான். சுவர் பின்நேரத்தில் வெளிறுவதும் இரவில் கறுப்பதும் இதனால்தான்.

இதே இன உப்பைத்தான் ஐரோப்பாவில் ஒருகாலத்தில் லாயங்களின் மண்ணிலிருந்தும் சுவர்களிலிருந்தும் சுரண்டி எடுத்து, வெடிமருந்துக்கான வெடியுப்பாக மாற்றினார்கள். அரசாங்க ஆட்கள் வந்து தரையைத் தோண்டிக்கொண்டு போவார்கள். திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டைப் பீரங்கிகளின் தீனியும் உங்கள் படுக்கையறைச் சுவரின் கறையும் ஒரே குடும்பம். ஓர்ஸ் ஹில்லுக்கு உவர்மலை என்று பெயர் வழங்கும் ஊரில் உவர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கடல் தரும் உவரைவிட லாயத்து உவர் பிடிவாதமானது என்பதை மட்டும் சொல்லவேண்டியிருக்கிறது.

கணக்குச் சொல்ல ஒரு அளவு வேண்டும். பழைய பங்களா வளவின் பின்புறத்தில் இருக்கக்கூடிய சின்ன லாயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: உட்புறம் 30 அடி நீளம், 12 அடி அகலம், செங்கல்லும் முருகைக்கல்லும் கலந்த 18 அங்குலச் சுவர், சுவர் உயரம் 9 அடி, இருபக்கச் சரிவுள்ள ஓட்டுக்கூரை. நான்கு குதிரைக்கும் ஒரு தீனி அறைக்கும் போதுமான இடம். இரண்டு பேர் தாராளமாக வாழலாம்.

ஓடு ஒன்றைக்கூடக் கழற்றுவதற்கு முன்னால் அனுமதிகள். கட்டடம் தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமா, அப்படியொன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களமும் பார்க்கவேண்டும். திருகோணமலை நகருக்குள் பல வளவுகள் அந்த 300 மீற்றருக்குள்தான் கிடக்கின்றன. பிறகு உள்ளூராட்சிச் சபையின் கட்டட அனுமதி. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், பாதி வேலையில் நிறுத்தப்பட்ட கூரையில்லாத லாயம் ஒரு மாரிகூடத் தாங்காது.

சுவரில் இருப்பது உப்புத்தானா என்று உறுதிசெய்ய ஆய்வுகூடம் தேவையில்லை. நிலத்திலிருந்து ஒரு அடி, மூன்று அடி, ஆறடி உயரங்களில் துளைபோட்டு, மேற்பரப்பிலிருந்து இரண்டு அங்குல ஆழத்துத் தூளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் 50 கிராம். அவணில் 100 பாகையில் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து, நகைத்தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பின்னர் தட்டில் பரப்பி, மழை படாத விறாந்தையில் இரண்டு நாள் விட்டு மறுபடி நிறுங்கள். உப்பில்லாத தூள் அரைக் கிராமுக்குள்தான் கூடும். ஒன்றரை இரண்டு கிராம் கூடியிருந்தால் அது உப்பு. ஒரு அடியிலும் மூன்று அடியிலும் கூடி, ஆறடியில் கூடாதிருந்தால் லாயத்து உவர் என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம். எல்லா உயரத்திலும் ஒரேமாதிரிக் கூடினால் கடற்காற்றின் பங்கையும் கூரை ஒழுக்கையும் பாருங்கள். இன்னும் தெளிவு வேண்டுமானால் 10 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் வடித்த நீரில் குலுக்கித் தெளியவைத்து, மீன்தொட்டிக்கு விற்கும் நைத்திரேற்றுச் சோதனைத் தாளைத் தோய்த்துப் பார்க்கலாம். இந்தத் தாளைக் கழுவி வீசவேண்டாம், நிறத்தை அளவுகளோடு குறித்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி, சீமெந்து பூசினால் என்ன நடக்கும்? சீமெந்துப் பூச்சு நீராவியை இலகுவில் விடாது. உப்புக் கரைசல் கீழே ஆவியாக வழியில்லாமல், பூச்சு முடியும் இடம்வரை ஏறி அங்கே ஆவியாகும். மூன்றடியில் இருந்த கறை அடுத்த வருடம் ஆறடியில் நிற்கும். பூச்சுக்குப் பின்னால் உப்பு பளிங்காகும்போது விரிந்து செங்கல்லின் முகத்தைத் தள்ளும். ஒருநாள் பூச்சு பாளமாக விழும், அதன் முதுகில் அரை அங்குலச் செங்கல் ஒட்டிக்கொண்டு வரும். சுவரின் கீழ்ப்பகுதிக்கு டைல் ஒட்டுவதும் இதேதான், செலவு மட்டும் அதிகம். இமல்சன் பெயின்ற் மெதுவாக அதே வேலையைச் செய்யும்.

ஏற்கெனவே யாரோ சீமெந்து பூசிவைத்திருந்தால் அதை எடுக்கவேண்டும். பெரிய உடைப்பு மெசினை 18 அங்குலச் சுண்ணாம்புச் சுவரில் வைக்கவேண்டாம், உள்ளே கட்டுச்சாந்து தளரும். கிரைண்டரால் பூச்சின் தடிப்புக்கு மட்டும் ஒரு அடிச் சதுரங்களாகக் கோடு வெட்டி, ஓரத்திலிருந்து உளியால் நெம்பினால் பாளமாக வரும். வெளியே பூத்திருக்கும் வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி வாளியில் சேர்த்து அகற்றுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவுகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வெளியே வந்த உப்பை அவர்கள் சுவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

சுவரைத் தொடுவதற்கு முன்னால் தரை. உப்பின் களஞ்சியமே அதுதான். லாயத் தரை பெரும்பாலும் நிமிர்த்தி அடுக்கிய செங்கல்லோ கருங்கல்லோ, ஒரு பக்கம் சரிந்து வாய்க்காலில் முடியும். அந்தச் செங்கல் அழகாக இருக்கும். கழுவித் திரும்ப உள்ளேயே பதிக்கவேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். அதன் ஒவ்வொரு துளையிலும் உப்பு இருக்கிறது. வெளியே நடைபாதைக்குப் போடுங்கள், அங்கே மழை கழுவட்டும்.

அடியிலுள்ள மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு எடுக்கவேண்டும். 30க்கு 12 என்றால் 360 கன அடி, அதாவது 3.6 கியூப் மண். தோண்டுவதற்கு முன் இரண்டு மூலையிலும் நடுச்சுவரிலும் சின்னக் குழி வெட்டி அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். இந்தமாதிரிப் புறக்கட்டடங்களுக்கு ஒன்றரை அடிதான் அத்திவாரம் என்று இருந்தால் வியப்பில்லை. அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் தோண்டக்கூடாது. சுவரோரம் ஒரு அடி அகலத்தை விட்டுச் சரிவாகத் தோண்டி, அந்த ஓரத்தை மட்டும் கடைசியில் நாலடி நாலடியாக, ஒன்று விட்டு ஒன்று எடுத்து உடனே நிரப்புங்கள். முழு நீளத்துக்கும் ஒரேநாளில் வெட்டினால் சுவர் உள்ளே சாயும். எடுத்த மண்ணைக் கிணற்றடியில் கொட்டவேண்டாம். நைத்திரேற்று கிணற்று நீரில் இறங்கினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. தென்னைக்கு உரம் என்று கேட்பார்கள். கிணற்றிலிருந்து தள்ளி, மெல்லியதாகப் பரப்பினால் சரி.

நிரப்புவது இப்படி. முதலில் மண் மேலே வராமல் தடுக்கும் வடிதுணி. அதன்மேல் 6 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலச் சல்லி, தூள் சலித்தது. இரண்டு கியூப் ஓடர் கொடுத்தால் கையிழப்போடு சரிவரும். தூளோடு போட்டால் நீர் அதில் ஏறும், சல்லி போட்ட பயனே போய்விடும். அதன்மேல் இன்னொரு வடிதுணி, பிறகு நாலு அங்குலச் சுண்ணாம்புக் கொங்கிறீட், மேலே மெருகிடாத சுட்டமண் தளவோடு. சுண்ணாம்புக் கொங்கிறீட் போடத் தெரிந்த ஆள் கிடைக்காமல் சீமெந்துக் கொங்கிறீட்டும் பொலித்தீனும் போடுவதானால், அதைச் சுவர்வரை கொண்டுபோகாதீர்கள். சுற்றிலும் எட்டு அங்குலம் விட்டு அந்த இடத்தில் கூழாங்கல் நிரப்புங்கள். முழுத் தரையையும் மூடினால் நிலத்தின் ஈரம் எல்லாம் மூச்சுவிட இருக்கும் ஒரே வழியான சுவருக்குப் போகும். வெளியிலும் இதே கவனம் வேண்டும். நூறு வருடத்தில் வளவின் மண் உயர்ந்திருக்கும். உள்தரையைவிட ஆறு அங்குலம் கீழே இருக்கும்படி வெளிமண்ணை வெட்டி, சுவரிலிருந்து வெளிநோக்கி 40 அடிக்கு ஒரு அடி என்ற சரிவு கொடுங்கள்.

இப்போது சுவரிலிருந்து உப்பை எடுக்கும் வேலை. இதற்கு நான் கொடுக்கும் முக்கியத்துவம் அதிகம் என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் மற்றதெல்லாம் சாதாரண வீடு திருத்தும் வேலை, இது மட்டும்தான் லாயத்துக்கே உரியது.

செய்வது ஒருவகைப் பற்று. ஊறவைத்து அரைத்த காகிதக்கூழ் ஒரு பங்கு, வெண்களி ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் இரண்டு பங்கு, எல்லாம் உலர்ந்த நிறையில். வெண்களி நம் நாட்டிலேயே மீட்டியாகொடையில் தோண்டப்படுகிறது. காகிதத்தை ஒருநாள் முழுக்க ஊறவைத்துக் கையால் பிசைந்தால் போதும். நீர் குழாய் நீராகவோ சேமித்த மழைநீராகவோ இருக்கவேண்டும்; கடலோரக் கிணற்று நீரால் குழைத்தால் உப்பை எடுக்கப்போய் உப்புப் பூசியதாகும். பதம்: சாந்தகப்பையில் அள்ளிக் கவிழ்த்தால் விழக்கூடாது, ஆனால் விரலால் அழுத்தினால் ஈரம் கசியவேண்டும். சுவரில் மூன்றுமுறை மெல்லிய தூறலாக நீர் அடித்து, முக்கால் அங்குலத் தடிப்புக்கு அழுத்தி அப்புங்கள். காற்றிடைவெளி விட்டால் அந்த இடத்தில் உப்பு வெளியேறாது. சுவரை ஓட ஓட நனைத்தாலோ உப்பு இன்னும் உள்ளே தள்ளப்படும்.

கீழ் நாலடிக்கு மட்டும் செய்தால் போதும். உட்புறச் சுற்றளவு 84 அடி, கதவுகள் போக ஏறத்தாழ 300 சதுர அடி. ஒருதரத்துக்கு 20 கன அடிக் கலவை பிடிக்கும். காயும்போது ஈரம் வெளியே வரும், உப்பும் கூடவே வந்து பற்றில் தங்கும். இரண்டு முதல் நாலு கிழமையில் பற்று சுருங்கி வெடித்துச் சுவரைவிட்டு எழும்பத் தொடங்கும். அப்போது உடனே உரித்து அகற்றவேண்டும். விட்டுவைத்தால் இரவு ஈரத்தில் உப்பு மறுபடி சுவருக்குள் இறங்கும். உரித்த பற்றில் 10 கிராம் எடுத்து அதே சோதனைத் தாளில் பாருங்கள். முதல்தர நிறத்தோடு ஒப்பிட்டால் மூன்றாந்தரம் கண்ணுக்குத் தெரியும்படி வெளிறியிருக்கவேண்டும். வெளிறாவிட்டால் தரையடி மண் சரியாக எடுபடவில்லை என்று அர்த்தம், சுவரோரத்தை மறுபடி பாருங்கள். உப்பு முழுவதும் போகாது. பூச்சு உயிரோடிருக்கும் அளவுக்குக் குறைந்தால் போதும்.

இங்கேதான் திருகோணமலையின் பருவம் உதவுகிறது. பற்றுக்குத் தேவையானது வறண்ட காற்று, மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் அதை இலவசமாகத் தருகிறது. அதே கச்சான் சுண்ணாம்புப் பூச்சுக்கு எமன். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஒரே மதியத்தில் காய்ந்தால் இறுகாமல் மாவாக நிற்கும். ஆகவே பெப்ரவரி மார்ச்சில் கூரை, மார்ச் ஏப்ரலில் தரை, மே முதல் ஓகஸ்ட்வரை பற்று, கச்சான் தணிகிற செப்ரெம்பரில் பூச்சு. ஒக்ரோபர் கடைசிக்குள் வெளிவேலைகள் முடியவேண்டும். அதற்குப் பிறகு வாடை தொடங்கிவிடும்.

கூரை வேலையில் சொல்ல அதிகமில்லை, சிலதை மட்டும் சொல்கிறேன். கள்ளிக்கோட்டை ஓடு என்றால், தாழ்வாரத்தோடு சேர்த்து 30 பாகைச் சரிவில் ஏறத்தாழ 770 சதுர அடி வரும், ஓடு 1,070, உடைவுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 1,180. பழைய ஓட்டை விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். ‘கிண்’ என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ‘டொக்’ என்றால் கழித்துவிடுங்கள். பாலை மரக் கைமரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், வெளியே கறுத்திருந்தாலும் உள்ளே இரும்பாக இருக்கும். சுவருக்குள் புதைந்த முனையை மட்டும் அலவாங்கு நுனியால் குத்திப் பாருங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்ததை மறக்காமல், கூரைப் பாரத்தை மட்டும் நம்பியிருக்கும் பழைய சுவர்வளையை (சுவரின்மேல் கைமரங்களைத் தாங்கும் மரம்) நாலடிக்கு ஒன்றாக, மூன்றடி ஆழம் இறங்கும் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியால் சுவரோடு கட்டுங்கள். முகட்டிலும் தாழ்வாரத்திலும் கடைசி மூன்று வரிசை ஓட்டைக் கம்பியால் முடிச்சிடுங்கள். புயலுக்கு முன்னமே குரங்குகளிடமிருந்து ஓட்டைக் காக்க அது உதவும். ஓட்டுக்குக் கீழே ஒரு அங்குல இடைவெளியோடு வெப்பம் தடுக்கும் பளபளப்புத் தாள், தாழ்வாரத்திலும் முகட்டிலும் காற்று போய்வர வழி, அந்த வழிக்கு அணில் நுழையாத வலை. ஓட்டை எடுத்துவிட்டு அஸ்பெஸ்டஸ் போட்டிருந்தால், நனைத்து, உடைக்காமல், ஆணியைக் கழற்றி முழுத்தகடாக இறக்கவேண்டும்.

வைக்கோல் பரண் இருந்த இடத்தில் மாடிப் படுக்கை போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: சுவர் 9 அடி, முகடு அதற்குமேல் சுமார் 4 அடி. கீழே நடமாட ஏழரை அடி விட்டு, பலகைக்கும் வளைக்கும் அரை அடி போனால், நடு முகட்டுக்குக் கீழே ஐந்தடிதான் மிஞ்சும். நிமிர்ந்து நிற்க முடியாது, ஓட்டின் வெக்கை நேராக முகத்தில். பெட்டி அடுக்கப் பரண் போடுங்கள், படுக்கக் கீழே இடம் பாருங்கள்.

செப்ரெம்பர்ப் பூச்சுக்கான சுண்ணாம்பைப் பெப்ரவரியிலேயே நீற்றிப் பீப்பாவில் ஊறப்போடவேண்டும். ஒருகாலத்தில் நம் கரையில் முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது இப்போது சட்டப்படி தடை. மாத்தளைப் பக்கச் சுண்ணாம்பு டொலமைற்றுக் கல்லிலிருந்து வருவது. அதில் மக்னீசியம் உண்டு. அது மெதுவாகத்தான் நீறும். அவசரப்பட்டுப் பூசினால் சுவரில் ஏறிய பிறகு நீறி, கடுகளவு கொப்புளங்களாக வெடித்துத் தெறிக்கும். மூன்று மாதம் குறைந்தது, ஆறு மாதம் நல்லது. மேலே நாலு விரல் நீர் எப்போதும் நிற்கவேண்டும். பையில் வரும் நீற்றுச் சுண்ணாம்பு வாங்குவதானால் ஒரு கரண்டியில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது ஏற்கெனவே கல்லாகிவிட்ட செத்த சுண்ணாம்பு.

மணல் மகாவலி ஆற்று மணல், மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வருவது. கழிமுகத்துக்குக் கிட்ட எடுத்ததா என்று கேளுங்கள், அங்கே உப்பு ஏறியிருக்கும். போத்தலில் மணலும் நீரும் விட்டுக் குலுக்கி வைத்தால் மேலே படியும் சேறு, மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

கீழ் நாலடிக்குக் கலவை: ஊறிய சுண்ணாம்பு ஒன்று, பருமணல் இரண்டரை, குறைந்த சூட்டில் சுட்ட செங்கல்லின் தூள் அரை. செங்கல் தூள் சுண்ணாம்பை ஈரத்திலும் இறுகச் செய்யும், நுண்துளைகளையும் கொடுக்கும். அடிப்பூச்சு அரை அங்குலம். ஒரு கிழமை பொறுத்து, நகத்தால் கீறினால் கோடு விழாத பதத்தில், இரண்டாவது அரை அங்குலம். கரணையால் இழுத்து மெருகேற்றவேண்டாம், மரக்கட்டையால் தேய்த்துச் சொரசொரப்பாகவே விடுங்கள். ஒவ்வொரு பூச்சையும் பூசியதும் அதன்மேல் வெயிலும் காற்றும் படாமல் நனைத்த சணல் சாக்குகளைத் திரையாகத் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்றுமுறை தெளித்து, ஐந்தாறு நாள் காக்கவேண்டும். முட்டாள் வேலைக்கு வருகிறவரில் பொறுப்பான ஒருவரை இதற்கென்றே ஒதுக்குங்கள் (இந்தச் சொல்லைக் கேட்டு வெளியூர்க்காரர் பதறவேண்டாம், மேசனுக்குக் கைகொடுப்பவர் என்றுதான் இங்கே பொருள்). சுண்ணாம்பு இறுகப் பிந்துகிறது என்று யாராவது கால் பங்கு சீமெந்து கலக்கப் பார்ப்பார்கள். ஒரு தாச்சிச் சாந்தில் கலந்தாலும் அந்தத் தாச்சியைக் கொட்டிவிடுங்கள். பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் பழைய கொத்தர்களின் கைப்பதம். அளவு தெரியாமல் ஊற்றினால் சாந்து இறுகாமல் நிற்கும். பிற்காலத்தில் மாடு கட்டியிருந்த லாயமானால் சுண்ணாம்பு பட்டதும் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை கிளம்பலாம். பயப்பட ஒன்றுமில்லை, சுண்ணாம்பின் காரம் அதைத் துரத்துகிறது. கதவைத் திறந்துவிடுங்கள்.

இந்தக் கீழ்ப்பூச்சு சாகப் பிறந்த பூச்சு. மிஞ்சிய உப்பைத் தான் வாங்கிக்கொண்டு மூன்று முதல் ஐந்து வருடத்தில் உதிரும், செங்கல் பிழைக்கும். ஆகவே நாலடி உயரத்தில் ஒரு கோடு வெட்டி மேற்பூச்சையும் கீழ்ப்பூச்சையும் பிரித்துவையுங்கள். கோட்டுக்குக் கீழே காவி, மேலே வெள்ளை என்று சுண்ணாம்பு அடித்தால் பழைய வீட்டு விறாந்தைபோல இருக்கும், மாற்றும்போது மேலே கை வைக்கத் தேவையும் வராது.

ஈரம் புழங்கும் அறைகளைப் பழைய சுவரிலிருந்து விலக்கி வைப்பது என் கண்டிப்பான கருத்து. குளியலறையும் மலசலகூடமும் லாயத்தின் குறுக்குச் சுவருக்கு வெளியே, நாலு அங்குல இடைவெளி விட்டுப் புதிதாகக் கட்டிய சின்ன அறையில் இருக்கட்டும். குசினி உள்ளே இருக்கலாம், ஆனால் தொட்டியும் குழாயும் தன் காலில் நிற்கும் மேசையில். குழாயையும் மின்கம்பியையும் சுவரை வெட்டிப் புதைக்கவேண்டாம். உவர்ச் சுவருக்குள் புதைத்த இரும்புப் பெட்டி ஓரிரு வருடத்தில் துருவாகும். அதற்கு முன்னமே ஈரச் சுவர் வழியே மின்கசிவு ஏற்பட்டு, 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் மாரி இரவுகளில் காரணமில்லாமல் விழத் தொடங்கும். காரணம் இருக்கிறது, சுவருக்குள் இருப்பதால் தெரிவதில்லை. குழாய்களைச் சுவருக்கு வெளியே நேர்த்தியாக ஓடவிட்டு, சுவிட்ச் பெட்டிகளை நாலடிக்கு மேலே வையுங்கள். குதிரை கட்டிய இரும்பு வளையங்களும் இதே விதிக்கு உட்பட்டவைதான். துரு ஊதிச் சுவரைப் பிளக்கும். கழற்றிச் சுரண்டி எண்ணெய் பூசி, சுண்ணாம்புச் சாந்தில் மறுபடி பதித்தால் துவாய் மாட்ட உதவும்.

உயரத்தில் சின்னச் சின்னக் காற்றுத் துவாரங்கள்தான் லாயத்தின் யன்னல். அவற்றை அடைக்காதீர்கள், சூடான காற்று வெளியேறும் வழி அது. புதிய யன்னல் வேண்டுமானால் மூலையிலிருந்து இரண்டடி விலகி, நாலடிக்கு மேல் அகலமில்லாமல் வையுங்கள். முதலில் துளை வெட்டுவது தவறு. யன்னல் வரும் இடத்துக்கு மேலே, சுவரின் பாதித் தடிப்புக்குத் தவாளிப்பு வெட்டி, பாரம் தாங்கும் வளையின் ஒரு பாதியை வைத்து, மேலே ஓட்டுத்துண்டும் வரண்ட சாந்தும் இறுக்கி அடித்து ஒரு கிழமை விடுங்கள். பிறகு மறுபக்கப் பாதி. இரண்டும் பாரம் ஏற்ற பின்னர்தான் கீழே வெட்டவேண்டும். வாசல்களில் மேல், கீழ் என்று தனித்தனியே திறக்கும் பாதிக்கதவுகளை மாற்றிவிடாதீர்கள். மேலே திறந்து காற்றெடுத்து, கீழே பூட்டி வைக்கலாம். தெருவில் உலாவும் மான் உள்ளே தலைநீட்டிச் செடியைத் தின்னும் ஊரில் இதைவிட நல்ல கதவு யாரும் செய்யவில்லை.

பூச்சு முடிந்ததும் உடனே வெள்ளையடிக்க ஆசைப்படுவீர்கள். ஒரு மாரி போகட்டும். நவம்பர் முதல் ஜனவரிவரை கிழமைக்கு ஒருமுறை, எந்த இடம் எந்த உயரத்தில் கறுக்கிறது என்று பென்சிலால் சுவரிலேயே கோடுபோட்டுத் திகதி எழுதுங்கள். மழை நின்ற இரண்டு நாளில் வெளிறினால் அது கூரையோ வெளிமண்ணோ, திருத்தலாம். மழைக்குச் சம்பந்தமே இல்லாமல் இரவில் கறுத்துப் பகலில் வெளிறினால் அது மிஞ்சிய உவர். அந்த இடத்தில் வரும் கச்சானுக்கு இன்னொரு பற்று. பெப்ரவரியில் சுண்ணாம்பு நீர், பால்போல மெல்லியதாக, நாலைந்து முறை. தடிப்பாக இரண்டுமுறை அடித்தால் உரியும்.

கீழ்ப்பூச்சை மாற்ற 300 சதுர அடிக்கு மணலும் செங்கல் தூளும் சேர்த்து ஏறத்தாழ 27 கன அடியும், ஊறிய சுண்ணாம்பு 9 கன அடியும் வேண்டும். அந்தச் சுண்ணாம்பை இப்போதே பீப்பாக்களில் போட்டு, நீர் மட்டம் குறையாமல் பார்த்து, கிணற்றடி நிழலில் மூடிவையுங்கள். நாலாம் வருடம் கோட்டுக்குக் கீழே பூச்சு உதிரத் தொடங்கும்போது அது வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும்.